காகிதத் தோற்றமுள்ள கணினி ஏடு

ஒவ்வொரு கிராமத்திலும் பழைய காகிதங்கள் உண்டு. பள்ளிக்கூடத்திற்கு அடிக்கல் நாட்டியபோது எடுத்த புகைப்படம், ஏரிக்கரையைச் செப்பனிட ஊரார் கூடிக் கையொப்பமிட்ட தாள், திருவிழா நோட்டீசு, ஊருக்கு முதன்முதல் மின்விளக்கு வந்த நாளைப் பற்றி ஒரு பெரியவர் எழுதிய கடிதம் ஆகிய இவை எங்கோ ஒரு தகரப் பெட்டியிலும் பரண்மீதும் கிடக்கின்றன. 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் நம் நாட்டில் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று. அக்காலத்தில் வெட்டிய கிணறும் போட்ட சாலையும் இன்றும் பல ஊர்களில் பயன்படுகின்றன. அவற்றைப் பற்றிய காகிதங்களோ எழுபது ஆண்டுகளைக் கடந்து, கறையானுக்கும் ஈரத்திற்கும் சிறிது சிறிதாக இரையாகி வருகின்றன.

இவற்றைக் காப்பாற்ற எண்ணுவோர் செய்யும் முதற் பிழை, அசல் தாள்களையே கத்தரித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் பசையிட்டு ஒட்டிவிடுவதாகும். ஒட்டிய தாளின் பின்புறத்தில் எழுதியிருந்தது மறைந்துவிடுகிறது. பசை காலப்போக்கில் பழுப்பேறித் தாளை அரிக்கிறது. இத்தகைய சேதம் ஏதுமின்றி, அதே ஒட்டுப்புத்தகத்தைக் கணினித் திரையில் அமைக்க இன்று வழியுண்டு. அதில் காகிதம் காகிதமாகவே தோன்றச் செய்யும் முறையையும், அம்முறையைப் பயன்படுத்துவதில் நாம் மீறக்கூடாத ஓர் எல்லையையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒட்டுப்புத்தகம் வந்த வழி

படங்களையும் துண்டுத் தாள்களையும் ஏட்டில் ஒட்டி வைக்கும் வழக்கம் மேல்நாடுகளில் நெடுநாளாக இருந்து வருகிறது. மார்க் ட்வைன் என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளர், பக்கங்களில் முன்னமே பசை தடவிய ஒட்டுப்புத்தகம் ஒன்றை அமைத்து, 1873 இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இவ்வழக்கம் 1980க்குப் பின் அமெரிக்காவில் குடும்பந்தோறும் பரவிய ஒரு கைத்திறனாயிற்று. 12 அங்குலச் சதுரப் பக்கமும், அமிலமில்லாத தாளும் அதன் அடையாளங்கள்.

பின்னர் இவ்வேலை கணினிக்கு மாறியது. இதற்கு வேண்டிய மென்பொருள்களுள் போட்டோஷாப் விலை கொடுத்துப் பெறுவது. ஜிம்ப் என்பது இலவசம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்த இரண்டு மாணவர்கள் 1995 இல் தொடங்கி உருவாக்கியது அது. யாரும் அதைப் பெறலாம், பிறருக்குப் பிரதி எடுத்தும் கொடுக்கலாம். ஊராட்சியின் பணத்தைச் செலவிடாமல் செய்யத்தக்கது என்பதால் இங்கு ஜிம்ப்பையே கொண்டு விளக்குகிறோம். பள்ளியிலுள்ள கணினியோ, ஊர் இளைஞர் ஒருவரின் மடிக்கணினியோ இதற்குப் போதும்.

காகிதத் தோற்றம் எதற்கு?

நான்கு ஆவணங்களைப் படமெடுத்து ஒரு வெள்ளைப் பக்கத்தில் அடுத்தடுத்து வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு வைத்தால் ஒரு தாள் எங்கு முடிந்து மற்றொன்று எங்கு தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் புலப்படாது. கடிதமும் நோட்டீசும் ஒரே அச்சுப் பக்கம் போலத் தோன்றும். தாளின் விளிம்பும், அதன்கீழ் விழும் மெல்லிய நிழலும் இருந்தால், "இது ஒருவர் கைப்பட எழுதிய தாள், அது தனியே எடுத்த படம்" என்பது பார்த்தவுடனே விளங்கும். எழுதப் படிக்க அறியாத முதியவரும், மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த கடிதத்தை அதன் மடிப்பைக் கொண்டே அடையாளம் கண்டு பேசத் தொடங்குவார். ஊர் ஏட்டின் பயனே அப்பேச்சுத்தான்.

முதற் பாடம்: காகிதத்தைப் பார்த்தல்

கணினியைத் திறக்குமுன் கையில் ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொள்வோம். அதை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஏறக்குறைய நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலும் மாணலுமாகப் போகும். இயந்திரத்தில் காகிதம் செய்யும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுவதே இதற்குக் காரணம். நெல்வயலில் நாற்று வரிசையோடு நடப்பது எளிது, வரிசையைக் கடந்து நடப்பது கடினம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அடுத்து, வண்ணம் அச்சிட்ட பழைய திருமண அழைப்பிதழ் ஒன்றைக் கிழிப்போம். கிழித்த இரு துண்டுகளில் ஒன்றின் ஓரத்தில் வெண்ணிறமான நார்க்கீற்று அகலமாகத் தெரியும். மற்றொன்றில் அது பெரும்பாலும் மறைந்திருக்கும். வண்ணம் மேற்பரப்பில் மட்டுமே இருப்பதால், கிழியும் இடத்தில் உள்ளிருக்கும் வெண்மை வெளிப்படுகிறது. கணினியில் கிழிசலை அமைக்கும் பலர் இவ்வெண்கீற்றை மறந்துவிடுவதால், அவர்கள் செய்தது கத்தரித்தது போலத் தோன்றுகிறதேயன்றிக் கிழித்தது போலத் தோன்றுவதில்லை.

பழுப்பேறுதலையும் கவனிக்க வேண்டும். மரக்கூழில் லிக்னின் என்னும் ஒரு பொருள் உள்ளது. ஒளியும் காற்றும் படும்போது அது மாறுதலடைந்து தாளைப் பழுப்பாக்குகிறது. செய்தித்தாளில் லிக்னின் மிகுதியாதலால் அது சில வாரங்களிலேயே மங்குகிறது. கட்டாக வைத்த தாள்களில் ஓரங்களிலேயே காற்றும் ஒளியும் முதலில் படுகின்றன. ஆகவே பழுப்பு ஓரத்தில் மிகுந்தும் நடுவில் குறைந்தும் இருக்கும்.

கையால் செய்த காகிதத்திற்கு வேறொரு குணம் உண்டு. தஞ்சாவூரிற் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள் முன்னின்று நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம், 1934 இல் வார்தாவில் தோன்றியது. கிராமங்களில் மீண்டும் தழைக்க வேண்டிய தொழில்களுள் ஒன்றாகக் கைக்காகிதத்தையும் அது எடுத்துக்கொண்டது. சல்லடைச் சட்டத்தால் கூழை அள்ளிச் செய்யும் அக்காகிதத்தின் விளிம்பு, சட்டத்தின் அடியிற் கசியும் கூழால் மெலிந்தும் ஒழுங்கின்றியும் அமையும். கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையையும் சேர்த்து ஆலையில் செய்யும் தாளின் விளிம்போ கத்தி கொண்டு வெட்டியதாகையால் நேராக இருக்கும். எந்தத் தாளைத் திரையில் காட்ட விரும்புகிறோமோ அதன் குணத்தையே காட்ட வேண்டும்.

இரண்டாம் பாடம்: பக்கத்தை ஆயத்தம் செய்தல்

அசல் தாள்களை முதலிற் படமெடுக்க வேண்டும். ஸ்கேனர் இருப்பின், தாள்களை அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் அளவிலும், சிறிய புகைப்படங்களை 600 புள்ளி என்னும் அளவிலும் எடுத்தல் நலம். ஸ்கேனர் இல்லையேல் கைப்பேசியே போதும். வெயில் நேரே படாத திண்ணை நிழலில் தாளைக் கிடத்தி, பிளாஷ் விளக்கைப் போடாமல், நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். தாளின் பின்புறத்தையும் தவறாது எடுத்தல் வேண்டும். பிறகு அசலைப் பிரித்துப் பத்திரப்படுத்துக. அதன்மேல் செல்லோடேப் ஒட்டுவதும், அதை லாமினேஷன் செய்வதும் கூடா. அசலுக்கு இனி வேலையில்லை. எல்லா மாற்றங்களும் பிரதியின் மீதே.

ஜிம்ப்பில் 12 அங்குலச் சதுரப் பக்கம் வேண்டுமானால், அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அகலமும் உயரமும் 3600 புள்ளிகளாகப் புதிய படத்தைத் தொடங்க வேண்டும். சாதாரண ஏ4 தாளில் அச்சிடுவதாயின் 2480க்கு 3508 புள்ளிகள் போதும். இவ்வளவில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 12 புள்ளி. இக்கணக்கை நினைவில் வைத்தால் பின்வரும் அளவுகள் எளிதில் விளங்கும்.

திரையில் 'லேயர்' என்று காணப்படுவதை நாம் அடுக்கு என்போம். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வரைந்தது போன்றது இது. அடியில் பின்புலத் தாள், அதன்மேல் நிழல், அதன்மேல் கடிதம், அதற்கும் மேல் புகைப்படம் என ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கில் இருக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடாது.

பின்புலத் தாளுக்குச் சிறந்த வழி, உண்மையான காகிதம் ஒன்றையே படமெடுத்து அடியடுக்கில் வைப்பதாகும். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளோ, கைக்காகிதமோ இதற்கு ஏற்றது. அது கிடைக்காவிடில், அடுக்கை வெளிர் மஞ்சள் கலந்த வெண்மையால் நிரப்ப வேண்டும். சிவப்பு 245, பச்சை 238, நீலம் 220 என்னும் எண்கள் பழந்தாளின் நிறத்தைத் தரும். பின்பு 'பில்டர்ஸ்' பட்டியலில் 'நாய்ஸ்' என்பதன்கீழ் உள்ள 'ஹெச்எஸ்வி நாய்ஸ்' என்பதை மிகக் குறைந்த அளவில் இட்டால் நார்களின் சொரசொரப்பு தோன்றும். அதே பட்டியலில் 'ரெண்டர்' என்பதன்கீழ் உள்ள 'சாலிட் நாய்ஸ்' கொண்டு மற்றோர் அடுக்கில் மேகம் போன்ற திட்டுகளை உண்டாக்கி, அவ்வடுக்கின் அழுத்தத்தை நூற்றுக்குப் பத்தாகக் குறைத்தால், தாளில் இயல்பாக உள்ள நிற வேறுபாடு வந்துவிடும். அதிகமாக இட்டால் தாள் சிமெண்டுத் தரைபோல் ஆகிவிடும்.

மூன்றாம் பாடம்: எழுத்தைத் தாளில் ஊன்றச் செய்தல்

வெள்ளைத் தாளில் எழுதிய கையெழுத்தின் படத்தைப் பின்புலத்தின் மேல் அப்படியே வைத்தால், வெள்ளைக் கட்டம் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அடுக்கின் முறையை 'மல்டிப்ளை', அதாவது பெருக்கல், என்று மாற்றினால் அக்குறை நீங்கும். மேலுள்ள புள்ளியின் எண்ணையும் கீழுள்ள புள்ளியின் எண்ணையும் பெருக்கி, 255 ஆல் வகுத்து வருவதே புதிய எண். வெண்மையின் எண் 255. அதைக் கொண்டு பெருக்கி அதனாலேயே வகுத்தால் கீழுள்ள எண் மாறாது நிற்கும். ஆகவே வெள்ளை மறைந்து பின்புலத் தாள் தெரியும். கீழே 200 இருக்க மேலே 128 இருப்பின், விடை ஏறத்தாழ 100 ஆகும். அவ்விடம் இருண்டு, மை தாளில் ஊறியது போலத் தோன்றும்.

நான்காம் பாடம்: நிழலும் ஒரே விளக்கும்

காகிதத் தோற்றத்தின் உயிர்நாடி நிழலே. ஏட்டின் பக்கத்தை ஒரு மேசையாகவும், அதன் இடப்புறத்து மேல் மூலையில் ஒரே ஒரு விளக்கு எரிவதாகவும் கருத வேண்டும். அப்படியானால் எல்லாத் தாள்களின் நிழலும் வலப்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் விழும். ஒரு தாளின் நிழல் வலமும் மற்றொன்றின் நிழல் இடமும் விழுந்தால், பார்ப்பவர் காரணத்தைச் சொல்ல அறியாவிடினும், ஏதோ பொய் இருப்பதை அவர் கண் உணர்ந்துவிடும்.

நிழலின் நீளம் பொருளின் உயரத்தைப் பொறுத்தது. விளக்கொளி 45 பாகைச் சாய்வில் வீழ்ந்தால், பொருள் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவே நிழலும் தள்ளி விழும். எழுதும் தாளின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. முழுதும் படிந்து ஒட்டிய தாளின் நிழல் 1 புள்ளிக்கு மேற் போகாது. எந்தத் தாளும் அவ்வளவு சரியாகப் படிவதில்லையாதலால் 3 முதல் 5 புள்ளி வரை தள்ளுவது பொருத்தம். புதிதாகக் கற்பவர் 30, 40 புள்ளி தள்ளிவிடுகின்றனர். அப்போது கடிதம் மேசைமேல் கிடப்பதற்குப் பதிலாக அந்தரத்தில் மிதக்கிறது. அட்டை, புகைப்படம் ஆகியவற்றிற்குச் சிறிது கூடுதலாகவும், பின்புலத்தின்மேல் வைத்த ஒரு வேப்பிலைக்கு 20 புள்ளி வரையிலும் கொடுக்கலாம்.

'பில்டர்ஸ்' பட்டியலில் 'லைட் அண்ட் ஷேடோ' என்பதன்கீழ் உள்ள 'டிராப் ஷேடோ' இந்நிழலை எளிதில் தரும். தள்ளும் அளவையும் மங்கல் அளவையும் அதில் இடலாம். நிழலுக்கு முழுக் கருமையைக் கொடாமல், கரும்பழுப்பைக் கொடுத்து, அழுத்தத்தை நூற்றுக்கு 40 அளவில் நிறுத்துக. பழுப்புத் தாளின்மேல் விழும் நிழல் பழுப்பு நிறமே கொண்டிருக்கும்.

தாளின் ஒரு மூலை சற்றே எழும்பியிருப்பதாகக் காட்ட வேண்டுமானால், நிழலைத் தனியடுக்கில் நாமே அமைக்க வேண்டும். தாளின் வடிவத்தைத் தெரிவு செய்து, அதன் அடியில் புதிய அடுக்கில் கரும்பழுப்பால் நிரப்பி, 'காசியன் பிளர்' கொண்டு மங்கச் செய்க. பின்பு 'வார்ப் டிரான்ஸ்பார்ம்' என்னும் கருவியால் அந்நிழலின் ஒரு மூலையை மட்டும் வெளிப்புறம் இழுத்துவிட்டால், மேலுள்ள தாளைத் தொடாமலேயே அதன் மூலை எழும்பியதாகத் தோன்றும்.

ஐந்தாம் பாடம்: கிழிசலும் மடிப்பும்

கிழிசலுக்கு, 'ப்ரீ செலக்ட்' என்னும் கருவியால் ஒழுங்கற்ற கோடு ஒன்றை இழுத்து, அதற்கு அப்பாலுள்ளதை நீக்க வேண்டும். எஞ்சிய வடிவத்தைத் தெரிவு செய்து, 'செலக்ட்' பட்டியலில் உள்ள 'குரோ' கொண்டு 10 முதல் 15 புள்ளி பெரிதாக்கி, அதே பட்டியலில் உள்ள 'டிஸ்டார்ட்' கொண்டு ஓரத்தைச் சிதறச் செய்து, அடியில் ஓர் அடுக்கில் வெண்மையால் நிரப்புக. கிழிந்த ஓரம் தவிர்ந்த மற்றப் பக்கங்களில் இவ்வெண்மையை அழித்துவிட வேண்டும். அழைப்பிதழில் நாம் கண்ட வெண்கீற்று இப்போது திரையிலும் தோன்றும்.

மடிப்புக்கு இரண்டு செய்திகள் போதும். மடித்த கோட்டில் நார் முறிந்திருப்பதால் அங்கு மெல்லிய வெளிர்கோடு ஒன்று இருக்கும். கோட்டிற்கு ஒருபுறம் விளக்கை நோக்கியும் மறுபுறம் விலகியும் சாய்வதால், ஒருபுறம் சற்று வெளிச்சமாகவும் மறுபுறம் சற்று இருளாகவும் இருக்கும். 'கிரேடியன்ட்' கருவியால் கருமையிலிருந்து வெறுமைக்குச் செல்லும் பட்டை ஒன்றை நூற்றுக்குப் பத்து அழுத்தத்தில் இழுத்தால் இது கைகூடும். இங்கும் விளக்கின் திசையை மறக்கலாகாது.

மீறக்கூடாத எல்லை

இதுவரை கூறியதைக் கற்றவர் ஒருவர், நேற்று எழுதிய தாளை அறுபது ஆண்டுப் பழமையுடையதாகக் காட்டவும் வல்லவராகிவிடுகிறார். இங்கேதான் ஊராட்சி உறுப்பினர்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். கிராமத்தில் காகிதம் நினைவுப் பொருள் மட்டுமன்று. வாய்க்கால் யாருக்கு, மேய்ச்சல் நிலத்தின் எல்லை எது, களம் பொதுவா தனியா என்பனவற்றிற்கு அது சாட்சியுமாகும். சாட்சியில் கை வைத்தால் ஊர் இரண்டுபடும். பொய்யான ஆவணத்தை உருவாக்கி ஏமாற்றுவது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் சட்டப்படியும் தண்டனைக்குரிய குற்றமாகும்.

ஆகவே சில விதிகளை ஏட்டுக் குழுவினர் முதல் நாளிலேயே தீர்மானமாக எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரம், பட்டா, தீர்மானப் புத்தகம் ஆகியவற்றின் படங்களில் கிழிசல், பழுப்பு, மடிப்பு எதையும் சேர்க்கக்கூடாது. இருக்கும் கறையை நீக்கவும் கூடாது. மங்கிய எழுத்தை ஊகித்து மேலே எழுதக்கூடாது. படித்தறிந்ததைப் பக்கத்தில் தனியே அச்செழுத்தில் தரலாம். அழகுக்காக அமைத்த தாள்களில் ஊர்ப் பெரியவர் சொன்னதை எழுதினால், "இன்னார் சொல்ல, இன்ன ஆண்டில் எழுதியது" என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அப்பக்கம் கணினியில் அமைந்தது என்பதையும், அமைத்த ஆண்டையும், அசல் யாரிடம் உள்ளது என்பதையும் ஒரு வரியில் அச்சிட வேண்டும். காகிதம் போலத் தோன்றச் செய்வது கண்ணுக்குச் செய்யும் உதவி. பழைய காகிதம் என்றே நம்பச் செய்வது ஊருக்குச் செய்யும் தீங்கு.

சேமித்தலும் பகிர்தலும்

வேலை நடக்கும் கோப்பை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமித்தால் அடுக்குகள் அழியாமல் இருக்கும். ஜேபெக் வடிவில் அடுக்குகள் ஒன்றாகிவிடும். அன்றியும் அதைத் திறந்து திருத்தி மறுபடி சேமிக்குந்தோறும் படத்தின் தெளிவு குறையும். எனவே அவ்வடிவை அனுப்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். மாற்றம் செய்யாத முதற் படங்கள் தனி உறையில், இரண்டு பிரதிகளாக, இரண்டு வேறு கட்டடங்களில் இருத்தல் அவசியம். ஒன்று பள்ளியிலும் மற்றொன்று ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கலாம்.

முடிந்த பக்கங்களை அச்சிட்டுக் கிராம சபைக் கூட்டத்தன்று மேசைமேல் வைத்தால், "அந்தப் படத்தில் மூன்றாவதாக நிற்பது என் தகப்பனார்" என்று ஒருவர் சொல்வார். "எங்கள் வீட்டிலும் ஒரு கடிதம் இருக்கிறது" என்று மற்றொருவர் எழுவார். அவ்விதமாகவே ஏடு வளரும்.

இவ்வேலையில் முதியவர் சொல்வதும் இளையவர் செய்வதும் ஒருங்கே வேண்டும். முதலில் ஒரே பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு படம், ஒரு கடிதம், ஒரு விளக்கு ஆகியவை போதும். தகரப் பெட்டியைத் திறக்க அடுத்த மழைக்காலம் வரை காத்திராமல் இம்மாதத்திலேயே திறப்போமாக.